குழந்தைகளிடம் மருந்து ஆராய்ச்சி: காவல் இருப்பவர் யார்?

காய்ச்சல் மருந்துப் புட்டியைக் கையாளாத பெற்றோர் நம்மில் எவரும் இலர். அதனோடு வரும் சிறு கிண்ணத்தில் கோடுகள் இருக்கின்றன. இந்த வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு, இந்த எடையுள்ள பிள்ளைக்கு இவ்வளவு என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். தோட்ட மருந்தகத்தில் டிரசர் அளந்து கொடுத்தாலும், நகரத்துக் கடையில் நாமே வாங்கி வந்தாலும், அந்தக் கோட்டை நம்பியே பிள்ளையின் வாயில் மருந்தை ஊற்றுகிறோம். அந்தக் கோடு அங்கே எவ்வாறு வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் சில பிள்ளைகளுக்கு அம்மருந்து அளந்து கொடுக்கப்பட்டு, அதன் பயனும் தீங்கும் குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அப்பிள்ளைகளின் பெற்றோர் இணங்கியிருக்கவும் வேண்டும்.

இதைக் கேட்டவுடன், “பிள்ளைகளையா சோதனைக்கு உட்படுத்துவது?” என்று சிலர் பதறக்கூடும். வேறு சிலர், “டாக்டர்கள் படித்தவர்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று விட்டுவிடக்கூடும். இவ்விரண்டு எண்ணங்களுமே போதுமானவை அல்ல. மாவட்ட மருத்துவமனையில் ஒரு நாள் நம் முன்னும் ஓர் ஆராய்ச்சித் தாள் நீட்டப்படலாம். அப்போது பதறாமலும், கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடாமலும் இருப்பதற்கு, அத்தாளுக்குப் பின்னால் எவ்வளவு காவல் இருக்க வேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் தடுப்பூசிகள் ஆராய்ச்சி அல்ல. அவை ஆராய்ச்சிக் கட்டத்தைக் கடந்து, பதிவு பெற்று, பல்லாண்டுகளாகப் பயனில் இருப்பவை. அவற்றிற்குரிய தேதியைத் தவறவிடுவதற்கு இக்கட்டுரையை எவரும் காரணமாக்கிக் கொள்ளலாகாது.

சிறிய உருவம், வேறு உடல்

குழந்தை என்பது அளவில் குறைந்த பெரியவர் அன்று. அதன் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் இன்னும் வளர்ந்து கொண்டிருப்பவை. பெரியவர் விழுங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் பிள்ளைக்குரிய அளவு கிடைத்துவிடும் என்று கருதுவது பெருந்தவறு. அந்தப் பழக்கம் நம் லயங்களிலிருந்து முற்றும் ஒழிந்துவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

குளோராம்பெனிக்கால் என்னும் கிருமிக்கொல்லி மருந்து 1940களின் இறுதியில் புழக்கத்திற்கு வந்தது. டைபாய்டுக் காய்ச்சலைத் தணிப்பதில் அது பெரும்புகழ் பெற்றது. ஆகவே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை நோய் தொற்றாமல் காக்கும் பொருட்டு, முன்னெச்சரிக்கையாகவே அதைக் கொடுக்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் ஏற்பட்டது. எவரும் தீய எண்ணத்துடன் இதைச் செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சில மருத்துவர்கள் ஐயுற்று, குறைமாதக் குழந்தைகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்துக் கணக்கெடுத்தனர். 1959ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. கிருமிக்கொல்லி எதுவும் பெறாத குழந்தைகளில் இறந்தவர்கள் 19 விழுக்காட்டினர். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர். குளோராம்பெனிக்கால் மட்டும் பெற்றவர்களிலோ 60 விழுக்காட்டினர் மாண்டு போயிருந்தனர்.

காரணம் பிறகு விளங்கியது. பெரியவரின் ஈரல் சில மணி நேரத்தில் மாற்றி வெளியேற்றிவிடும் அம்மருந்தை, பிறந்த குழந்தையின் ஈரலால் அவ்வாறு கையாள இயலவில்லை. மருந்து இரத்தத்தில் மேலும் மேலும் சேர்ந்தது. வயிறு உப்பி, மூச்சுத் திணறி, தோல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் உயிரிழந்தன. இன்றும் மருத்துவ நூல்களில் இதற்குச் சாம்பல் நிறக் குழந்தை நோய் என்றே பெயர்.

இதில் நாம் கருத வேண்டியது யாதெனில், அந்தக் கணக்கெடுப்புக்கு முன்னர் பல மருத்துவமனைகளில் நடந்து கொண்டிருந்ததும் ஒருவகைச் சோதனையே. திட்டமில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, மேற்பார்வையில்லை, பெற்றோருக்குத் தெரிவிப்பதுமில்லை. அத்தகைய சோதனையைச் சிகிச்சை என்ற பெயரால் அழைத்தார்கள், அவ்வளவே. பிள்ளைகளை ஆராய்ச்சியிலிருந்து முற்றாக விலக்கி வைத்தால் அவர்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்ற வாதம் இங்கே வலுவிழந்து போகிறது.

திட்டத்தை ஆராய்வது

அப்படியாயின் ஆராய்ச்சியை எவ்வாறு நடத்துவது? மருந்தைக் கண்டறிந்தவரோ அதை விற்கும் நிறுவனமோ ஆராய்ச்சி செய்யும் மருத்துவரோ தாமே தீர்ப்பளித்துக் கொள்ளலாகாது. இதுவே இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அடிப்படை. திட்டம் முழுவதும் எழுத்தில் வரையப்பட்டு, ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒரு குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நன்னெறிக் குழு 2002ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகிறது. பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. மருந்து ஆராய்ச்சிக்கான மலேசிய வழிகாட்டி நூல் 1999ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிடப்பட்டது. அதன்படி, குழுவில் குறைந்தது ஐவர் இருத்தல் வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறைக்கு வெளியே உள்ளவராகவும், ஒருவராவது அந்த நிறுவனத்தைச் சாராதவராகவும் இருத்தல் வேண்டும். மருத்துவர்கள் மட்டுமே கூடியிருந்து பேசினால், ஒரு தாய் கேட்கக்கூடிய எளிய கேள்வி அங்கே எழாமலே போய்விடும் என்பதால் இவ்விதி ஏற்பட்டது.

குழு முதலில் ஆராய்வது அறிவியலை. இதனை விளக்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஒரு புதிய இனத்தை உருவாக்கியவுடன் அதை நாடு முழுவதும் நட்டுவிடுவதில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்கள் முதலில் சிறு நிலத்துண்டுகளில் பழைய இனங்களின் பக்கத்திலேயே நடப்பட்டு, பாலின் அளவும் பட்டையின் தன்மையும் நோயும் ஆண்டுக்கணக்கில் குறிக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு வந்தன. புதிய இனத்தை நல்ல மண்ணிலும் பழைய இனத்தைப் பாறை மேட்டிலும் நட்டு ஒப்பிட்டால், பால் கூடியது இனத்தாலா மண்ணாலா என்று எவரால் கூற முடியும்? மருந்து ஆராய்ச்சியிலும் அவ்வாறே. எந்தப் பிள்ளைக்குப் புதிய மருந்து, எந்தப் பிள்ளைக்குப் பழைய மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தீர்மானிக்கிறார்கள். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி மறைத்தும் வைக்கிறார்கள். மருத்துவரின் ஆசை கணக்கில் கலந்துவிடாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

ஆனால் மரம் வேறு, மகவு வேறு. பட்டுப்போன மரத்தின் இடத்தில் மறுநடவு செய்யலாம். ஆதலின் குழு அடுத்ததாகத் தீங்கை எடைபோடுகிறது. இதே கேள்விக்குப் பெரியவர்களிடம் விடை காண முடியுமாயின் பிள்ளைகளை ஏன் அழைக்க வேண்டும்? முன்னரே நல்ல மருந்து இருக்கையில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுப்பது முறையாகுமா? ஆராய்ச்சியால் அந்தப் பிள்ளைக்கே பயன் கிட்டுமா, அல்லது பிற்காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமா? பிறருக்கு மட்டுமே பயன் எனில், அன்றாட வாழ்வில் பிள்ளை சந்திக்கும் சிறு இடரை விட மிகுந்த இடர் இருக்கலாகாது என்பது பொது விதி. இரத்தம் எடுப்பதற்கும் அளவுண்டு. ஐரோப்பிய நாடுகள் 2008இல் வகுத்த பரிந்துரைப்படி, ஆராய்ச்சிக்காக ஒரு முறை எடுக்கும் இரத்தம் பிள்ளையின் மொத்த இரத்தத்தில் 1 விழுக்காட்டையும், நான்கு வாரங்களில் எடுப்பது 3 விழுக்காட்டையும் மிஞ்சலாகாது. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர். எனவே, ஒரு வேளைக்கு 8 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிதான் எல்லை.

அறிவியலை ஆராய்வதும் பாதுகாப்பை ஆராய்வதும் இரு வேறு வேலைகள் போலத் தோன்றும். உண்மையில் அவை பின்னிப் பிணைந்தவை. பிழையாக வகுக்கப்பட்ட ஆராய்ச்சி எந்த விடையும் தராது. விடை தராத ஒன்றிற்காகப் பிள்ளையின் கையில் ஊசி குத்துவதே தீங்கு. அதைவிடவும் கொடியது, பாதி விடையை முழு விடை என்று நம்பிவிடுவது. அவ்வாறு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இனிக் காண்போம். அதில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

டிங்கித் தடுப்பூசி காட்டிய உண்மை

டிங்கிக் காய்ச்சலின் கொடுமையை நாம் சொல்லக் கேட்க வேண்டியதில்லை. தேங்கிய நீரில் பெருகும் ஏடிஸ் கொசு அதைப் பரப்புகிறது. பால் சேர்க்கும் மங்குகளில் மழைநீர் நின்றாலும் அதற்குப் போதும். டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் காய்ச்சல் வந்து நீங்கியவருக்குப் பின்னர் வேறொரு வகை தொற்றினால், இரண்டாவது காய்ச்சல் முதலாவதை விடக் கடுமையாகக்கூடும். இந்த இயல்பே டிங்கித் தடுப்பூசியை உருவாக்குவதைக் கடினமாக்கியது.

பிரெஞ்சு நிறுவனமாகிய சனோஃபி ஒரு தடுப்பூசியை உருவாக்கி, 2011ஆம் ஆண்டில் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் ஆய்வைத் தொடங்கியது. 2 முதல் 14 வயது வரையிலான 10,275 பிள்ளைகள் அதில் சேர்ந்தனர். மூவரில் இருவருக்குத் தடுப்பூசியும், ஒருவருக்கு மருந்தற்ற ஊசியும், ஆறு மாத இடைவெளியில் மும்முறை போடப்பட்டன. 2014இல் வெளிவந்த முடிவின்படி, தடுப்பூசி ஏறத்தாழ 56 விழுக்காடு பாதுகாப்பளித்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் ஆய்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. பிள்ளைகளை மேலும் சில ஆண்டுகள் கவனித்து வர வேண்டும் என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

மூன்றாம் ஆண்டுக் கணக்கில் ஒரு நெருடல் தென்பட்டது. 2 முதல் 5 வயது வரையிலான சிறு பிள்ளைகளில், டிங்கியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் தடுப்பூசி பெற்ற பிரிவில் 15 பேர், பெறாத பிரிவில் ஒருவர் மட்டுமே. தடுப்பூசி பெற்றவர்கள் இரு மடங்கினர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இடர் ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. எண்ணிக்கை சிறிதாகையால் உறுதியாக முடிவு கூற இயலவில்லை. ஆகவே 9 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற வரம்புடன் தடுப்பூசி பல நாடுகளில் அனுமதி பெற்றது.

ஆனால் காரணம் வயதா, வேறு ஏதேனுமா? சிறு பிள்ளைகளில் பலர் அதுவரை டிங்கிக்கு ஆளாகாதவர்கள். அவர்களுக்குத் தடுப்பூசியே முதல் காய்ச்சலைப் போல அமைந்து, பின்னர் வரும் உண்மையான முதல் தொற்றை இரண்டாவதைப் போலக் கடுமையாக்கிவிடுமோ என்று சில அறிஞர்கள் ஐயுற்று எச்சரித்தனர். இதற்கு விடை காண, தடுப்பூசி போடுமுன் எந்தப் பிள்ளைக்கு டிங்கி வந்திருந்தது, எந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதல் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் இரத்தம் எடுத்திருக்க வேண்டும். எடுத்ததோ ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் மட்டுமே! இத்தனை பெரிய ஆய்வில், இத்தனை மருத்துவர்கள் படித்துப் பார்த்த திட்டத்தில், சில மில்லிலிட்டர் இரத்தம் விடுபட்டதால் தலையாய கேள்விக்குரிய விடை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போயிற்று. பிள்ளைகளுக்கு ஓர் ஊசிக்குத்தைக் குறைத்தது நல்லெண்ணமே ஆயினும், அந்தச் சிக்கனம் விலை மிக்கதாக முடிந்தது என்பது நம் கருத்து.

இதற்கிடையில், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிலிப்பீன்ஸ் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அத்தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. 800,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றுக் கொண்டனர். இறுதியில், ஆய்வின் 13ஆம் மாதத்தில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் புதிய சோதனை முறை ஒன்றால் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்னரே டிங்கி வந்தவர்களுக்குத் தடுப்பூசி பயனளித்தது. வராதவர்களுக்கோ பின்னாளில் கடுமையான டிங்கி ஏற்படும் இடரைக் கூட்டியது. 2017 நவம்பரில் நிறுவனமே இதை அறிவித்தது. அடுத்த சில நாள்களில் பிலிப்பீன்ஸ் திட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் அச்சமும் சினமும் டிங்கித் தடுப்பூசியோடு நிற்கவில்லை. தடுப்பூசிகள் முக்கியமானவை என்று உறுதியாக நம்பியவர்கள் அந்நாட்டில் 2015இல் 93 விழுக்காட்டினர். 2018இல் அவர்கள் 32 விழுக்காட்டினராகச் சுருங்கினர் என்று ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் அங்கே தட்டம்மை பெருமளவில் பரவியது.

ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்ததால்தான் தீங்கு கண்டறியப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. முடிவு வந்தவுடன் கோப்பை மூடியிருந்தால், உண்மை இன்றும் வெளிவராமல் இருந்திருக்கலாம். அந்த ஐந்து நாட்டுப் பிள்ளைகளும், அவர்களை ஆண்டுதோறும் அழைத்து வந்த பெற்றோரும் செய்த தொண்டு அது. 2016இல் தொடங்கிய மற்றொரு டிங்கித் தடுப்பூசி ஆய்வில் இலங்கை, தாய்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகளைச் சேர்ந்த 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் முதல் ஊசிக்கு முன்னரே இரத்தம் எடுக்கப்பட்டது.

ஆராய்ச்சி நடந்து கொண்டிருக்கும்போதும் காவல் தொடர்கிறது. பெரிய ஆய்வுகளில், கணக்கை இடையிடையே திறந்து பார்க்கத் தனிக் குழு ஒன்று அமர்த்தப்படுகிறது. தீங்கு தெரிந்தால் ஆய்வை நிறுத்தச் சொல்வது அதன் கடமை. எதிர்பாராத வகையில் மருந்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், ஏழு நாள்களுக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி.

சம்மதம் என்பது எது?

நியூயார்க் நகரில் வில்லோபுரூக் என்னும் அரசாங்க இல்லம் ஒன்று இருந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்தனர். மஞ்சள் காமாலை அங்கு ஓயாது பரவியது. 1950களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை, அந்நோயை ஆராய்ந்த மருத்துவர்கள் சில பிள்ளைகளுக்கு நோய்க்கிருமியை வேண்டுமென்றே கொடுத்தனர். எப்படியும் அவர்களுக்கு இந்நோய் வரத்தானே போகிறது என்பது அவர்கள் கூறிய சமாதானம். இல்லத்தைத் துப்புரவாக வைத்திருந்தால் வராது என்பதை அவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, நாம் அறியோம்.

பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர் என்பது உண்மை. ஆனால் 1964இன் இறுதியில் இடமின்மையால் இல்லத்தில் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது, ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடமின்றி வாசலில் நின்ற தாயிடம் அத்தாள் நீட்டப்பட்டது. அவள் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று எவ்வாறு கூறுவது? இத்தகைய நிகழ்ச்சிகள் வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னர், அமெரிக்கா 1974இல் ஆராய்ச்சிச் சட்டத்தையும், 1983இல் குழந்தைகளுக்கென்று தனி விதிகளையும் இயற்றியது.

தோட்டத்தில் வாழும் நாம் இதை நன்கு உணர வேண்டும். கிராணியோ மேலாளரோ டிரசரோ “கையெழுத்துப் போடு” என்றால் மறுக்கத் தயங்கும் பழக்கம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆராய்ச்சிக்கான சம்மதத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மறுத்தால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சை நின்றுவிடும் என்று எவர் கூறினாலும் அது விதிக்கு மாறானது. இன்று இணங்கியவர் நாளையே, காரணம் கூறாமலே விலகிக் கொள்ளலாம். பெருந்தொகை தருவதாக ஆசை காட்டுவதும் கூடாது. பேருந்துச் செலவையும் இழந்த நாட்கூலியையும் ஈடுசெய்வது வேறு.

18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் கையொப்பமிட வேண்டும். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளையாயின், பாதுகாவலர் யார் என்பதை முன்னரே மருத்துவரிடம் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடமும் அதற்குப் புரியும் சொற்களில் விளக்கி, அதன் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். பத்து வயதுச் சிறுமி, “எனக்கு வேண்டாம்” என்று அழுதால் அந்த அழுகைக்கு மதிப்புண்டு. நம் வீடுகளில் பிள்ளைகளைக் கேட்டு எதையும் செய்கிற வழக்கம் குறைவு. இந்த ஒரு காரியத்திலாவது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டுவதில்லை. அவர்களுக்குத் தாளை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருந்து, அவரும் கையொப்பமிட வேண்டும். மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ உள்ளதைத் தமிழில் விளக்குமாறு கேட்பதற்கும் நமக்கு உரிமையுண்டு. அங்கேயே உடனே முடிவு கூற வேண்டிய கட்டாயமில்லை. தாளை வீட்டிற்கு எடுத்துச் சென்று, கணவனும் மனைவியும் கலந்து பேசி, படித்த உறவினர் எவரிடமேனும் காட்டி, பின்னர் பதில் கூறலாம்.

கேட்க வேண்டியவற்றுள் சில மிக முக்கியமானவை. இந்த ஆராய்ச்சியில் சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? எத்தனை முறை வர வேண்டும், எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள்? பாதிப்பு நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள்? ஆராய்ச்சி முடிந்த பின்னர் எத்தனை ஆண்டுகள் பிள்ளையைக் கவனிப்பீர்கள்? புதிய தீங்கு ஏதேனும் தெரிய வந்தால் எங்களுக்கு எவ்வாறு அறிவிப்பீர்கள்? வேலை மாறி வேறு தோட்டத்திற்குச் செல்லும் குடும்பங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் வேண்டியது. முகவரி மாறும்போது ஆராய்ச்சி நடத்தும் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

தாளில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஆராய்ச்சி மருத்துவருடையது, மற்றொன்று நன்னெறிக் குழுவினுடையது. மருத்துவரைப் பற்றியே முறையிட வேண்டியிருந்தால் இரண்டாவது எண் பயன்படும். கையொப்பமிட்ட தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டு வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தால், அங்குள்ள மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளையே.